எந்தப் பொய் தாங்கும்?

லினக்ஸ் போட்ட கணினி ஒன்றில், விண்டோஸுக்காக எழுதிய .எக்ஸ்இ கோப்பைக் கிளிக் செய்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. உள்ளே இருப்பது அதே இன்டெல் ப்ராசஸர். போன மாதம் அதே கணினியில் விண்டோஸ் இருந்தபோது அதே கோப்பு மளமளவென்று ஓடியது. கூட்டு, கழி, ஒப்பிட்டுப் பார், பெரியதாக இருந்தால் அங்கே தாவு என்று கோப்புக்குள் வரிசையாகக் கிடக்கும் கட்டளைகளை ப்ராசஸர் இன்றைக்கும் படித்துவிடும். அதற்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. பிறகு எது தடுக்கிறது?

முதல் தடை கோப்பின் வாசலிலேயே இருக்கிறது. விண்டோஸ் நிரல் ஒவ்வொன்றும் எம், இசட் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். டாஸ் காலத்தில் மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயர் முதலெழுத்துகள் அவை. இன்றைய விண்டோஸ் 11 நிரலின் நெற்றியிலும் அந்த இரண்டு எழுத்துகள் உண்டு. லினக்ஸ் நிரலோ 127 என்ற எண்ணில் தொடங்கி, இ, எல், எஃப் என்ற எழுத்துகளைத் தாங்கி வரும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் முதல் சில பைட்டுகளைப் பார்த்ததுமே, இது நம் கோப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறது.

இந்தத் தடையைத் தாண்டுவது சுலபம். கோப்பைப் பிரித்து, அதன் பகுதிகளை நினைவகத்தில் உரிய இடங்களில் ஏற்றி, ப்ராசஸரை அங்கே அனுப்பிவைக்க ஒரு சிறு நிரல் போதும். சிக்கல் அதற்கப்புறம்தான் ஆரம்பம். கணக்குப் போடும்வரை நிரல் தன்பாட்டுக்கு ஓடும். கோப்பு ஒன்றைத் திறக்க வேண்டும், திரையில் ஒரு பெட்டி வரைய வேண்டும், ஒரு பக்கம் அச்சடிக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் இயங்குதளத்திடம் கேட்டாக வேண்டும். எதிரே விண்டோஸ் இருக்கிறது என்று நம்பி, விண்டோஸிடம் கேட்கிற முறையில் கேட்கும். அங்கே உட்கார்ந்திருப்பதோ லினக்ஸ்.

ஆகவே ஒரு இயங்குதளத்தின் நிரலை இன்னொன்றில் ஓட்ட வேண்டுமானால் அந்த நிரலிடம் ஒரு பொய் சொல்ல வேண்டும்: நீ உன் ஊரில்தான் இருக்கிறாய் என்று. அதை மூன்று மட்டங்களில் சொல்லலாம். ப்ராசஸரையே பொய்யாக உருவாக்கலாம், அது எமுலேட்டர். ப்ராசஸரை அப்படியே விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் கணினியைப் பொய்யாக்கலாம். அது வர்ச்சுவல் மெஷின். கணினியையும் விட்டுவிட்டு, இயங்குதளத்தின் பதில்களை மட்டும் பொய்யாக்கலாம். வைன் என்ற மென்பொருள் செய்வது அதைத்தான்.

கீழ்மட்டத்தில் சொல்லும் பொய்க்குச் செலவு அதிகம். ஆனால் நிரல் கேட்கக்கூடிய கேள்விகள் குறைவு, பிடிபடுவதும் அபூர்வம். மேலே வரவரச் செலவு குறையும், கேள்விகள் பெருகும். இந்தத் துறையின் அறுபதாண்டு வரலாற்றை இந்த ஒரு பேரத்தின் வரலாறாகவே படிக்கலாம்.

இன்று வீட்டுக் கணினி வைத்திருப்பவரையும் இந்தப் பேரம் எட்டியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், அந்நிறுவனத்தின் பட்டியலில் உள்ள ப்ராசஸரும் இருக்க வேண்டும். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த பல கணினிகள் இந்த வாசலில் நின்றுவிட்டன. அவற்றில் லினக்ஸ் போடலாம் என்று நினைக்கும் பலரையும் இழுத்துப் பிடிப்பது ஒரே ஒரு நிரலாக இருக்கும்: கணக்கு மென்பொருள், பழைய எழுத்துரு மாற்றி, பிள்ளைகளின் விளையாட்டு.

ப்ராசஸரே பொய்

1964 ஏப்ரலில் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 கணினி வரிசையை அறிவித்தபோது, வாடிக்கையாளர்களுக்கு ஒரு பயம் இருந்தது. அவர்களுடைய சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் ஐபிஎம் 1401 என்ற பழைய இயந்திரத்துக்காக எழுதப்பட்டிருந்தன. புதிய இயந்திரத்தின் கட்டளைகளே வேறு. எல்லாவற்றையும் திரும்ப எழுதச் சொன்னால், எழுதுவதுதான் எழுதுகிறோம், வேறு நிறுவனத்தின் கணினிக்கே எழுதிவிடலாமே என்று போய்விடுவார்கள். ஐபிஎம் கண்டுபிடித்த வழி, வரிசையின் சிறிய இயந்திரமான மாடல் 30-க்குள் நுண்கட்டளைகளை மாற்றி, அதையே 1401 போல நடந்துகொள்ள வைப்பது. பழைய நிரல்கள் ஒரு எழுத்தும் மாறாமல் ஓடின.

இன்றைய எமுலேட்டர்கள் இந்த வேலையை மென்பொருளிலேயே செய்கின்றன. பிரான்சின் ஃபப்ரீஸ் பெல்லார் 2003-இல் வெளியிட்ட க்யூஎமு இதில் பேர்போனது. அந்நிய ப்ராசஸரின் கட்டளைகளைத் துண்டு துண்டாக எடுத்து, உள்ளூர் ப்ராசஸரின் கட்டளைகளாக மாற்றி, மாற்றியதைச் சேமித்துவைத்துக்கொள்ளும். அதே துண்டு மறுபடி வந்தால் மறுபடி மாற்ற வேண்டியதில்லை. இத்தனை சிக்கனம் செய்தும், ஒரு கட்டளைக்குப் பதிலாகப் பல கட்டளைகள் ஓட வேண்டிவருவதால் வேகம் குறையும்.

இந்த மட்டத்தில் ஒரு ப்ராசஸரின் கட்டளைகளை மாற்றுவது மட்டும் போதாது என்பதற்கு ஆப்பிள் நல்ல உதாரணம். 2020-இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளை இன்டெல்லிலிருந்து ஏஆர்எம் வகையைச் சேர்ந்த தன் சொந்தச் சில்லுக்கு மாற்றியது. பழைய நிரல்களுக்காக ரொஸெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொடுத்தது. கட்டளைகளை மாற்றுவதைவிடப் பெரிய தொல்லை வேறொன்றில் இருந்தது. ஒரு நிரல் நினைவகத்தில் முதலில் ஒரு தகவலை எழுதுகிறது, பிறகு 'தகவல் தயார்' என்று ஒரு கொடியை ஏற்றுகிறது என்று வையுங்கள். இன்டெல் ப்ராசஸரில் மற்ற கோர்களுக்கும் இது இதே வரிசையில்தான் தெரியும். ஏஆர்எம் அந்த உறுதியைத் தருவதில்லை. கொடி முன்னதாகவும் தகவல் பின்னதாகவும் தெரியலாம். இன்டெல்லில் வளர்ந்த நிரல் அங்கே தப்பான தகவலைப் படித்துவிடும், அதுவும் எப்போதாவது ஒருமுறை. நினைவகத்தில் எழுதும் ஒவ்வொரு முறையும் காவல் போட்டால் வேகம் படுத்துவிடும். ஆப்பிள் தன் எம்1 சில்லுக்குள்ளேயே இன்டெல்லின் வரிசை ஒழுங்கைப் பின்பற்றும் ஒரு நிலையைச் சேர்த்தது. சில்லை வடிப்பவரே மென்பொருளையும் எழுதினால்தான் இப்படி ஒத்துழைக்க முடியும்.

இந்த வழியைப் பெரும்பாலும் யாரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. ப்ராசஸர் வேறாகிவிட்டால் வேறு கதியில்லை. ப்ராசஸர் ஒன்றேயென்றால் இதைத் தொட வேண்டியதே இல்லை.

கணினியே பொய்

ப்ராசஸர் ஒன்றுதான், இயங்குதளம்தான் வேறு. அப்போது கட்டளைகளை நேரடியாகவே ஓடவிடலாம். விண்டோஸ் நிரலோடு விண்டோஸையும் கொண்டுவந்து, இரண்டையும் ஒரு போலிக் கணினிக்குள் உட்கார வைத்தால் போதும். விண்டோஸ் தன் நிரலின் கேள்விகளுக்குத் தானே பதில் சொல்லிக்கொள்ளும். நாம் விண்டோஸை மட்டும் ஏமாற்றினால் சரி.

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் அறிவியல் மையத்தில் 1967-இல் சிபி-40 என்ற அமைப்பு இப்படி ஓடத் தொடங்கியது. ஒரே இயந்திரம் பலருக்கும் தனித்தனி இயந்திரமாகத் தெரிந்தது. 1972-இல் அதன் வாரிசான விஎம்/370 விற்பனைக்கு வந்தது. 1974-இல் ஜெரால்ட் போபெக்கும் ராபர்ட் கோல்ட்பெர்கும், ஒரு ப்ராசஸரில் இந்த ஏமாற்று சாத்தியமா என்று சோதிக்க ஒரு விதியை எழுதிவைத்தார்கள். இயந்திரத்தின் நிலையைத் தொடும் கட்டளை எதுவாக இருந்தாலும், அதைச் சாதாரண நிரல் ஒன்று ஓட்ட முயன்றால் ப்ராசஸர் கூச்சல் போட வேண்டும். கூச்சல் கேட்டால்தான் போலிக் கணினியை நடத்தும் மேற்பார்வையாளர் ஓடிவந்து, உண்மையான இயந்திரத்தைத் தொடாமல் போலி இயந்திரத்தில் அந்த மாற்றத்தைச் செய்துவைக்க முடியும்.

நம் மேசைக் கணினிகளின் எக்ஸ்86 ப்ராசஸர் இந்தச் சோதனையில் தோற்றது. தோற்கடித்த கட்டளைகளில் ஒன்று பாப்எஃப். ப்ராசஸரின் கொடிகளை நினைவகத்திலிருந்து மீட்டெடுப்பது அதன் வேலை. குறுக்கீடுகளை ஏற்கலாமா கூடாதா என்று சொல்லும் கொடியும் அவற்றில் ஒன்று. இயங்குதளம் ஓட்டினால் அந்தக் கொடி மாறும். அதிகாரமில்லாத நிரல் ஓட்டினால் மாறாது. மாறவில்லை என்று ப்ராசஸர் சொல்லவும் சொல்லாது. போலிக் கணினிக்குள் அதிகாரமிழந்து ஓடும் விண்டோஸ், குறுக்கீடுகளை நிறுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். மேற்பார்வையாளருக்குத் தகவலே போகாது. சிறிது நேரத்தில் எல்லாம் குழம்பும்.

1998-இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் இந்த ஊமைக் கட்டளைகளை வேட்டையாடியே பேர் வாங்கியது. சாதாரண நிரல்களை நேரடியாக ஓடவிட்டு, உள்ளே இருக்கும் இயங்குதளத்தின் கட்டளைகளை மட்டும் ஓடும்போதே வாசித்து, சிக்கலானவற்றை மாற்றி எழுதியது. 1999-இல் அதன் முதல் மென்பொருள் விற்பனைக்கு வந்தது. பிறகு இன்டெல் 2005-இலும் ஏஎம்டி 2006-இலும் ப்ராசஸருக்குள்ளேயே இதற்கு வசதி செய்துகொடுத்தன. லினக்ஸ் கெர்னலில் கேவிஎம் 2007 பிப்ரவரியில் சேர்ந்தது. கணக்கு வேலையைப் பொறுத்தவரை இன்றைய வர்ச்சுவல் மெஷினின் வேகம் நிஜக் கணினிக்கு மிக அருகில் வந்துவிட்டது.

செலவு வேறு இடத்தில் வருகிறது. ஒரு சின்ன நிரலுக்காக முழு விண்டோஸையும் சுமக்க வேண்டும். விண்டோஸ் 11 குறைந்தபட்சம் 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி வட்டு இடமும் கேட்கும். அதற்கு உரிமம் வேண்டும், மாதாமாதம் அப்டேட் வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு பொதுவாகப் போலியாகவே இருக்கும். நிஜக் கார்டை உள்ளே விட வேண்டுமானால், வெளியே இருக்கும் லினக்ஸ் அதை விட்டுக்கொடுக்க வேண்டும். அலுவலக வேலைக்கு இது உறைக்காது. விளையாட்டுக்கு உறைக்கும்.

இயங்குதளமே பொய்

மூன்றாவது வழியில் விண்டோஸே கிடையாது. அது சொல்லியிருக்கக்கூடிய பதில்களை வேறொருவர் சொல்கிறார். 1993-இல் பாப் ஆம்ஸ்டாட் இந்த முயற்சியைத் தொடங்கினார். சன் நிறுவனம் தன் யூனிக்ஸ் கணினிகளில் விண்டோஸ் நிரல்களை ஓட்ட வாபி என்ற மென்பொருளை அறிவித்திருந்தது. லினக்ஸுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது எண்ணம். 1994-இல் அலெக்சாந்தர் ஜூலியார் பொறுப்பேற்றார். இன்றுவரை வைன் திட்டத்தை நடத்துபவர் அவர்தான். வைன் 1.0 வெளிவந்தது 2008 ஜூனில். பதினைந்து ஆண்டு பிடித்ததற்குக் காரணம், நிரல் கேட்கக்கூடிய கேள்விகளின் எண்ணிக்கை.

ஒரே ஒரு கேள்வியைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு விண்டோஸ் நிரல், சி டிரைவில் கணக்கு என்ற ஃபோல்டரில் இருக்கும் ஒரு கோப்பைத் திறக்கச் சொல்கிறது. லினக்ஸில் சி டிரைவ் என்று எதுவும் இல்லை. பயனர் ஃபோல்டருக்குள் வைன் ஒரு மறைவான ஃபோல்டரை வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு டிரைவ் எழுத்துக்கும் ஒரு இணைப்பு. சி என்பது அந்த மறைவு ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும் இன்னொரு ஃபோல்டர். இசட் என்பது லினக்ஸின் முழு கோப்பு மரம். டிரைவ் கிடைத்துவிட்டது. அடுத்தது பெயர். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் கேட்டாலும் சிறிய எழுத்தில் கேட்டாலும் விண்டோஸுக்கு ஒரே கோப்புதான். லினக்ஸுக்கு அவை இரண்டு கோப்புகள். எனவே கேட்ட வடிவில் கிடைக்காவிட்டால், வைன் அந்த ஃபோல்டரில் உள்ள எல்லாப் பெயர்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும். பெயரும் கிடைத்தது. இனி உரிமை. நான் திறந்திருக்கும்வரை வேறு யாரும் இதைத் திறக்கவோ அழிக்கவோ கூடாது என்று விண்டோஸ் நிரல் நிபந்தனை போடலாம். திறந்திருக்கும் கோப்பை அழிப்பதில் லினக்ஸுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆகவே வைன் சர்வர் என்ற தனி நிரல், யார் எதை என்ன நிபந்தனையோடு திறந்திருக்கிறார்கள் என்று ஒரு பேரேடு வைத்திருக்கிறது. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்களே, அந்தக் கதை. ஒரு கோப்பைத் திறப்பதற்கே இவ்வளவு. விண்டோஸில் இப்படிப்பட்ட அழைப்புகள் ஆயிரக்கணக்கில் உண்டு.

இதில் இன்னொரு சங்கடம், கேள்வி எந்த வாசலில் வரும் என்பது. லினக்ஸில் நிரலும் கெர்னலும் சந்திக்கும் வாசல் எண்ணிட்டது. 64 பிட் இன்டெல் கணினியில் 'எழுது' என்றால் 1, 'திற' என்றால் 2. அந்த எண்களை மாற்றுவதில்லை என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்காத விதி. விண்டோஸிலும் எண்கள் உண்டு. அவை பதிப்புக்குப் பதிப்பு நகரும். கோப்பைத் திறக்கும் கெர்னல் அழைப்பின் எண் 64 பிட் விண்டோஸ் 7-இல் 82, விண்டோஸ் 8-இல் 83, 8.1-இல் 84, விண்டோஸ் 10-இல் 85. எண்களை நம்பாதே, எங்கள் டிஎல்எல் என்ற நூலகக் கோப்புகள் வழியாகவே வா என்பது மைக்ரோசாஃப்டின் ஏற்பாடு. வைன் அந்த டிஎல்எல்களையே தன் பாணியில் எழுதிவைத்திருக்கிறது. நிரல் எப்போதும் டிஎல்எல் வழியாக வந்தால் பிரச்சினை இல்லை. சில விளையாட்டுகள், நகலெடுப்பதையும் கள்ளாட்டத்தையும் தடுக்க, நேராக எண்ணைச் சொல்லி கெர்னலைக் கூப்பிடும். எதிரே இருக்கும் லினக்ஸ் அந்த எண்ணுக்கு முற்றிலும் வேறு அர்த்தம் வைத்திருக்கும். 2021-இல் வந்த லினக்ஸ் 5.11, இப்படி வரும் அழைப்புகளைப் பிடித்து வைனிடம் திருப்பிவிட ஒரு வசதியைச் சேர்த்தது.

எழுதிவைத்த விதிகளோடு எழுதாத வழக்கங்களும் இருக்கின்றன. சிம்சிட்டி விளையாட்டைப் பற்றி ஜோயல் ஸ்போல்ஸ்கி எழுதியது மென்பொருள் உலகில் பலருக்கும் தெரியும். அந்த நிரல், திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை மறுபடி படிக்கும் தவறைக் கொண்டிருந்தது. விண்டோஸ் 3-இல் அந்த நினைவகம் உடனே வேறு யாருக்கும் போகாததால் தவறு வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95-இல் தெரிந்தது. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, அப்படியானால் நினைவகத்தை உடனே பறிக்காமல் வைத்திருக்க விண்டோஸ் 95-இலேயே தனிக் கட்டளைகளைச் சேர்த்தது. இப்படி வளர்ந்த ஓர் இயங்குதளத்தைப் போல நடிக்க, அதன் கையேட்டைப் படித்தால் பத்தாது. வைன் திட்டத்தினர் ஒவ்வொரு அழைப்புக்கும் சோதனை நிரல்கள் எழுதி, அவற்றை நிஜ விண்டோஸில் ஓட்டுகிறார்கள். வினோதமான பதில் வந்தால், அதே வினோதத்தை வைனும் சொல்ல வேண்டும். கசிந்த விண்டோஸ் மூல நிரலைப் பார்த்தவர்களின் பங்களிப்பை அவர்கள் ஏற்பதில்லை. வெளியிலிருந்து கவனித்ததை மட்டும் வைத்து எழுதினால்தான் சட்டச் சிக்கல் இல்லாமல் இருக்கும்.

எதிரெதிர் திசையில் இருவர்

இந்தத் தேர்வைக் கோடிக்கணக்கானவர்களுக்காகச் செய்ய வேண்டிவந்த இரண்டு நிறுவனங்கள் நேரெதிர் முடிவுக்கு வந்தன.

மைக்ரோசாஃப்டுக்குத் தேவைப்பட்டது மறுபக்கம்: விண்டோஸில் லினக்ஸ் நிரல்கள். இணைய நிரலாளர்கள் மேக்குக்கும் லினக்ஸுக்கும் நகர்ந்துகொண்டிருந்தார்கள். 2016 ஆகஸ்டில் விண்டோஸ் 10-இன் அப்டேட்டோடு வந்த டபிள்யூஎஸ்எல் முதல் பதிப்பு, வைனின் தத்துவத்தையே பின்பற்றியது. லினக்ஸ் நிரல் எண் சொல்லி அழைத்தால், விண்டோஸ் கெர்னலுக்குள் உட்கார்ந்த ஒரு பகுதி அந்த அழைப்பை விண்டோஸின் வேலையாக மாற்றிக் கொடுத்தது. உள்ளே லினக்ஸ் கெர்னல் துளியும் இல்லை. எண்கள் நிலையானவை, ஆவணங்கள் திறந்தவை, மொத்த அழைப்புகளும் சில நூறுதான். காகிதத்தில் வைனைவிட இது எவ்வளவோ சுலபமான வேலை.

நடைமுறையில் கோப்புகளிடம் மாட்டிக்கொண்டது. லினக்ஸ் நிரலாளர்களின் கருவிகள் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு கோப்புகளைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். லினக்ஸில் அது மலிவு. விண்டோஸில் ஒவ்வொரு திறப்பும் பல அடுக்குகளைக் கடந்து போகும். டாக்கர் போன்ற கருவிகளோ கெர்னலின் ஆழமான வசதிகளைக் கேட்டன. அவற்றுக்கு விண்டோஸில் இணையே இல்லை. 2019 மே மாதம் மைக்ரோசாஃப்ட் திசையை மாற்றியது. டபிள்யூஎஸ்எல் 2 ஒரு மெலிந்த வர்ச்சுவல் மெஷின். அதற்குள் ஓடுவது நிஜ லினக்ஸ் கெர்னல். சுருக்கிவைத்த கோப்புத் தொகுப்பை விரிப்பது முன்னைவிட 20 மடங்கு வரை வேகம் என்று அந்நிறுவனமே அறிவித்தது. பதிலுக்கு, லினக்ஸுக்குள்ளிருந்து விண்டோஸ் பக்கத்துக் கோப்புகளைத் தொடுவது முன்னைவிட மெதுவாயிற்று. இரண்டு கணினிகளுக்கு நடுவே இப்போது ஒரு சுவர் இருக்கிறதல்லவா?

கணினி விளையாட்டுகளை விற்கும் வால்வ் நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டுகள். 2015-இல் லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம் மெஷின் என்ற விளையாட்டுக் கணினிகளை விற்றுப் பார்த்தார்கள். லினக்ஸுக்கு விளையாட்டுகள் போதாததால் அவை எடுபடவில்லை. 2018 ஆகஸ்டில், வைனையே அடித்தளமாக வைத்து ப்ரோட்டான் என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் உயிர்நாடியான பகுதி டிஎக்ஸ்விகே. ஃபிலிப் ரெபோலே எழுதிய இது, விண்டோஸின் டைரக்ட்3டி கிராஃபிக்ஸ் அழைப்புகளை லினக்ஸிலும் கிடைக்கும் வல்கன் அழைப்புகளாக மாற்றுகிறது. ஒளியும் நிழலும் கணக்கிடும் ஷேடர் நிரல்களையும் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்க்கிறது. நிஜ கிராஃபிக்ஸ் கார்டு நேராக வேலை செய்கிறது. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கருவி, விண்டோஸ் இல்லாமலே விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டிக் காட்டியது.

பொய் சொல்பவருக்காக வீட்டையே திருத்திக் கட்டிய கதையும் இதில் உண்டு. விண்டோஸ் விளையாட்டுக்குள் இணையாக ஓடும் இழைகள் ஒவ்வொன்றும், 64 நிகழ்வுகள் வரை ஒரே சமயத்தில் எதிர்பார்த்துக் காத்திருக்கலாம்: எது முதலில் நடந்தாலும் என்னை எழுப்பு என்று. லினக்ஸில் அதற்குச் சரியான இணை இல்லாததால், ஒவ்வொரு காத்திருப்புக்கும் வைன் சர்வரிடம் போய்வர வேண்டியிருந்தது. வினாடிக்குப் பல்லாயிரம் தடவை போய்வந்தால் படம் திக்கும். 2025 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 6.14-இல், விண்டோஸ் பாணிக் காத்திருப்பைக் கெர்னலே செய்துகொடுக்கும் என்டிசிங்க் என்ற பகுதி சேர்ந்தது.

ஏன் இந்த எதிரெதிர் முடிவு? நிரலாளரின் கருவிகளுக்குக் கெர்னலும் கோப்புகளும் உயிர்; படம் முக்கியமில்லை. விளையாட்டுக்குக் கிராஃபிக்ஸ் உயிர். கெர்னலை அது அதிகம் தொடுவதில்லை. தொடுகிற விளையாட்டுகள், அதாவது கெர்னல் மட்டத்தில் கள்ளாட்டத் தடுப்பு வைத்திருப்பவை, பலவும் இன்றுவரை ப்ரோட்டானில் ஓட மறுக்கின்றன. நிரல் எந்த வாசலில் அதிகம் நிற்கிறதோ அந்த வாசலில் பொய் சொல்லாதே, அங்கே உண்மையையே வை. இரண்டு நிறுவனங்களும் கடைசியில் கண்டுகொண்டது இதைத்தான்.

நமக்கு எது?

இதே விதியை நம் மேசைக்கும் கொண்டுவரலாம். நிரல் கெர்னலுக்குள் டிரைவர் ஏதாவது நிறுவுகிறதா என்று முதலில் பாருங்கள். யூஎஸ்பி டாங்கிள் கேட்கும் கணக்கு மென்பொருள், விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் உள்ள பழைய ஸ்கேனர் போன்றவற்றை வைனிடம் கொடுத்துக் கஷ்டப்பட வேண்டாம். வர்ச்சுவல் மெஷின், யூஎஸ்பி கருவியை அப்படியே உள்ளே இருக்கும் விண்டோஸிடம் ஒப்படைத்துவிடும்.

டிரைவர் இல்லை, தனியாக நிற்கும் நிரல், கொஞ்சம் பழையது என்றால் வைன்தான் முதல் முயற்சி. பழைய நிரல்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எப்போதோ எழுதப்பட்டிருக்கும். நிரலுக்கு ஒரு தனி மறைவு ஃபோல்டர் என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்காகச் செய்த மாற்றம் இன்னொன்றைக் கெடுக்காது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். வைன் ஒரு பாதுகாப்புச் சுவர் இல்லை. இசட் டிரைவ் வழியாக உங்கள் கோப்புகள் முழுவதும் அந்த நிரலுக்குத் தெரியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் விண்டோஸ் வைரஸ் வைனிலும் தன் வேலையைக் காட்டலாம். நம்பிக்கையில்லாத நிரலை வர்ச்சுவல் மெஷினுக்குள் பூட்டிவைப்பதே நல்லது.

தினமும் எட்டு மணி நேரம் அதில்தான் வேலை, ஒரு நாள் நின்றாலும் நஷ்டம் என்றால், வேகத்தைவிட உறுதியைப் பாருங்கள். வைனில் இன்று ஓடும் நிரல், அதன் அடுத்த பதிப்பில் புதிய கேள்வி ஒன்றைக் கேட்டு நின்றுபோகலாம். வர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் விண்டோஸுக்கு அந்தக் கேள்வி புதிதாக இருக்காது.

கடைசியாக, பொய்யின் சொந்தக்காரர் யார் என்று கேளுங்கள். ஆப்பிள் 2006-இல் கொண்டுவந்த முதல் ரொஸெட்டாவை 2011-இல் எடுத்துவிட்டது. அதை நம்பியிருந்த பவர்பிசி நிரல்கள் அன்றோடு நின்றன. ரொஸெட்டா 2-க்கும் முடிவு தேதி குறித்தாயிற்று. சில பழைய விளையாட்டுகளுக்கான பகுதி தவிர, மேக்ஓஎஸ் 27-க்குப் பிறகு அது இருக்காது என்று 2025-இல் ஆப்பிள் சொல்லிவிட்டது. ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளரைப் புதிய வீட்டுக்கு அழைத்துவரச் சொல்லும் பொய், வேலை முடிந்ததும் திரும்பப் பெறப்படும். வைன், க்யூஎமு போன்றவற்றின் மூல நிரல் யாருக்கும் திறந்தது. தேவைப்படுபவர் ஒருவர் மிஞ்சியிருக்கும்வரை அவற்றை ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

அந்த நீண்ட ஆயுளின் விளைவு ஒன்று உண்டு. விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல்களை 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. மைக்ரோசாஃப்ட் அந்த வாசலை மூடிவிட்டது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும் என்பதால், அந்த நிரல்களுக்கு அதில் இடமே இல்லை. வைன் அவற்றை இன்றும் 64 பிட் லினக்ஸில் ஓட்டுகிறது. அசல் கைவிட்ட வாக்குறுதியை நகல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. எனவே முப்பது வருடத்துக்கு முந்தைய விண்டோஸ் நிரல் ஒன்றை இன்று யாராவது தூசி தட்டி எடுத்தால், அவருக்குச் சொல்லக்கூடிய நேர்மையான ஆலோசனை: லினக்ஸில் போட்டுப் பாருங்கள்.